ஆற்றுப்படுகை மண்ணில் கன உலோகம்: சோதனையில் எங்கே சறுக்குகிறோம்?

காட்மியம், ஈயம் போன்ற கன உலோகம் ஏறிய மண்ணைப் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது. பயிர்கூடப் பச்சைப்பசேலென்று நிற்கும். அதனால் சோதனை அறிக்கையைத்தான் நம்ப வேண்டும். அந்த அறிக்கையோ ஆய்வகத்துக்குப் போகும் முன்பே, மண் எடுக்கும் இடத்திலேயே கெட்டுவிடுவதுண்டு.

வசதியான இடத்தில் ஒரு பிடி அள்ளிவருவதுதான் பெரிய தவறு. ஆறு மண்ணைச் சலித்துக்கொண்டே போகும். வேகமாக ஓடும் இடத்தில் மணலை விடும், வெள்ளம் தேங்கி வடியும் தாழ்வில் மெல்லிய வண்டலைப் படியவைக்கும். காட்மியம், ஈயம் எல்லாம் களித்துகளிலும் மட்கிலும்தான் ஒட்டும். அதனால் கழிவு விழும் இடத்து மணல் சுத்தமாகத் தெரிய, பல கிலோமீட்டர் கீழே உள்ள வயல் மாட்டிக்கொள்ளலாம். ஒரே வயலுக்குள்ளும், தண்ணீர் நுழையும் மடை வாயில்தான் வண்டல் முதலில் இறங்கும். மடையோர மண்ணையும் நடுவயல் மண்ணையும் ஒரே பையில் கொட்டிக் கலக்காதீர்கள். துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

சரி, அறிக்கை வந்துவிட்டது. 'மொத்த அளவு' என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவதும் தவறு, நிம்மதியடைவதும் தவறு. பயிர் எடுத்துக்கொள்வது அதில் ஒரு பங்கைத்தான். மண்ணில் அமிலத்தன்மை ஏற ஏறக் காட்மியம் கரைந்து வேருக்குப் போகும். சுண்ணாம்பு இட்டால் அடங்கும். நெல் வயலில் தண்ணீர் நின்றாலும் காட்மியம் அடங்கும். ஆனால் அதே நீரில் ஆர்சனிக் கிளம்பிவிடும்! இரண்டும் உள்ள வயலுக்கு ஒரே வைத்தியம் சொல்பவரை நான் நம்பமாட்டேன். குரோமியம் என்றால், மூன்று இணைதிறன் கொண்ட வகையா, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் வகையா என்று கேளுங்கள்.

நிக்கலும் குரோமியமும் அதிகம் என்றதும் ஆலையைக் கைகாட்டவும் வேண்டாம். சில பாறைகளிலிருந்து உருவான மண்ணில் அவை இயல்பாகவே மிகுதி. ஆற்றின் மேல்பகுதியில், மாசு எட்டாத இடத்தில், அதே பாறையில் உண்டான மண்ணோடு ஒப்பிட வேண்டும்.

'நாலு மழை பெய்தால் போய்விடும்' என்பது வீண் நம்பிக்கை. உலோகம் மக்காது. அதை உறிஞ்சும் செடி வளர்த்து, அந்தச் செடியையே மடக்கி உழுதால் உறிஞ்சியது திரும்ப மண்ணுக்கே வரும். மாசு வரும் வழியை அடைக்காமல் மண்ணை மாற்றினாலும் அடுத்த வெள்ளம் பழையபடி ஆக்கிவிடும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப்படுகையில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியமே, எலும்பைப் பலவீனமாக்கிக் கடும் வலி தரும் இத்தாய்-இத்தாய் நோய்க்குக் காரணம் என்று அரசு அறிவித்தது 1968-இல். அங்கே வயல் மண்ணை மீட்கும் வேலை முடிந்தது 2012-இல்.