ஒன்ராறியோவின் பொதுக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டை: இடம் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டமும் மான் வேட்டையைக் குற்றமாகவே நமக்குப் பழக்கியிருக்கின்றன. ஆகவே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், தன்னோடு வேலை செய்பவர் நவம்பரில் ஒரு வாரம் விடுப்பெடுத்து வேட்டைக்குப் போவதையும், திரும்பி வந்ததும் இறைச்சியைப் பொதி செய்து நண்பர்களுக்குக் கொடுப்பதையும் கண்டு திகைப்பது இயல்பு. இங்கே அது உரிமத்துடனும் பருவ வரையறையுடனும், மான் தொகையைக் கணக்கிட்டு ஒதுக்கப்படும் எண்ணிக்கையுடனும் நடைபெறும் சட்டபூர்வமான செயல். இறைச்சியை அன்பளிப்பாகக் கொடுக்கலாம், விற்க முடியாது.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவாசி என்ற தகுதிக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுள் தொடர்ச்சியாக ஆறு மாதங்களாவது இங்கு வசித்திருக்க வேண்டும். அதன்பின் வேட்டைக் கல்வித் தேர்வில் தேறி, அவுட்டோர்ஸ் கார்ட் எனப்படும் அட்டையையும் மான் உரிமத்தையும் பெற வேண்டும். துப்பாக்கி வைத்திருக்க விரும்பினால் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, பால் (PAL) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டாட்சித் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாட்கள் காத்திருப்புக் காலம் உண்டு, நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும். வில்லுக்கு அந்த உரிமம் தேவையில்லை. இவை எல்லாவற்றையும் குளிர்காலத்திலேயே தொடங்கினால்தான் அவ்வாண்டு இலையுதிர்காலத்துக்குள் கைக்கு வரும். பயிற்சி வகுப்பில் சட்டத்தையும் பாதுகாப்பையும் நன்றாகவே கற்பிப்பார்கள். எந்தக் காட்டில், எந்தச் சரிவில் போய் உட்கார்வது என்பதை அங்கே கற்க முடியாது.

ஒன்ராறியோவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 87 விழுக்காடு முடிக்குரிய காணி, அதாவது அரசுக்குச் சொந்தமான பொது நிலம். எல்லோரும் அதைக் கிரவுன் லாண்ட் என்றே சொல்வார்கள். இந்த எண்ணைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அதில் மிகப் பெரும் பகுதி மானே அரிதான வடக்கில் இருக்கிறது. ரொறன்ரோவைச் சூழ்ந்த தெற்குப் பகுதியில் மான்கள் தாராளமாக இருந்தாலும் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ஸ்காபரோவிலிருந்தோ மார்க்கம் நகரிலிருந்தோ புறப்படும் ஒருவருக்கு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கனேடியக் கேடயம் (கனேடியன் ஷீல்ட்) எனப்படும் பாறை நிலமே, அதாவது ஹலிபர்ட்டன், பான்குரொஃப்ட், நெடுஞ்சாலை 7க்கு வடக்கேயுள்ள ஃப்ரொன்டெனாக் போன்ற பகுதிகளே, மூன்று நான்கு மணி நேரப் பயணத்துக்குள் எட்டக்கூடியவை. அங்கும் முடிக்குரிய காணியும் தனியார் காணியும் சதுரங்கப் பலகையைப் போல் மாறிமாறி வருவதால், மாகாண அரசின் முடிக்குரிய காணிக் கொள்கை வரைபடத்தை இணையத்தில் திறந்து எல்லைகளை அறிந்துகொள்ளாமல் காருக்குள் ஏறக் கூடாது. களத்தில் ஒரு மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு வட்டம் பூசப்பட்டிருந்தால் நுழைவு முற்றாகத் தடை. மஞ்சள் வட்டமென்றால் குறிப்பிட்ட சில செயல்களுக்கு மட்டுமே அனுமதி. வேலியிட்ட நிலத்துக்கும் பயிரிட்ட நிலத்துக்கும் அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் அத்துமீறல் சட்டம் பொருந்தும்.

மாகாணப் பூங்காக்களில் பொதுவாக வேட்டை கூடாது; ஆனால் கவார்த்தா ஹைலண்ட்ஸ் போன்ற சிலவற்றில் அனுமதி உண்டு. சிம்கோ, டஃபரின் போன்ற கவுண்டிகள் (உள்ளூராட்சிப் பகுதிகள்) தாமே பராமரிக்கும் காடுகள் ரொறன்ரோவுக்கு மிக அருகில் இருப்பவை. ஆனால் ஒவ்வொன்றின் விதியும் வேறு. நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், நாயோடு வருபவர்கள் எல்லோரும் அங்கே புழங்குவார்கள். முதல் ஆண்டில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. மேலும், மாகாணம் முழுவதும் வனவிலங்கு மேலாண்மை அலகுகளாகப் பிரிக்கப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளது. தெற்கில் ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி வேட்டையை அந்தந்த நகராட்சியே தீர்மானிக்கிறது; பருவத் தேதி, அனுமதிக்கப்பட்ட ஆயுதம், பிணைமானை (பெண் மானை) வேட்டையாடும் அனுமதிக்கான குலுக்கல் ஆகிய எல்லாம் அலகுக்கு அலகு மாறுவதால், அலகு எண்ணை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் நிலத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

இனி நிலம். தனியார் பண்ணையில் வேட்டையாடுபவர் மான் எங்கே மேய்கிறது என்று பார்த்தால் போதும். பொதுக் காட்டிலோ முதற்கேள்வி மற்ற வேட்டைக்காரர்கள் எங்கே போவார்கள், எங்கே போகமாட்டார்கள் என்பதே. பல அலகுகளில் துப்பாக்கிப் பருவம் நவம்பரின் முதல் திங்களன்றோ அதையொட்டியோ தொடங்கி, ஓரிரு வாரங்களில் முடிந்துவிடுகிறது. அந்த முதல் நாள் விடியலில் மரம்வெட்டும் பாதைகளின் ஓரமெல்லாம் வண்டிகள் நிற்கும். அதுவரை பாதையோரப் புல்லில் அச்சமின்றி நின்ற மான்கள் அன்று மதியத்துக்குள் பாதையை விட்டு விலகிவிடும். எனவே செப்டெம்பரில் நீங்கள் மான்களைக் கண்ட இடத்தைவிட, இரைச்சல் தொடங்கியதும் அவை ஒதுங்கும் இடத்துக்கே மதிப்பு அதிகம்.

அந்த ஒதுங்கிடத்தை வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தையும் இலைகள் உதிர்ந்த காலத்துச் செய்மதிப் படத்தையும் அருகருகே வையுங்கள். வண்டி நிறுத்தக்கூடிய எல்லா இடங்களையும், நான்கு சக்கர மோட்டார் வண்டி போகக்கூடிய எல்லாத் தடங்களையும் குறித்துவிட்டு, அவற்றிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் விலகியிருக்கும் நிலத்தையும், தொலைவு குறைவானாலும் ஓடை, பீவர் என்ற விலங்கு கட்டும் அணை, செங்குத்துப் பாறை, நெருங்கிய சதுப்பு ஆகியவற்றால் மறிக்கப்பட்ட நிலத்தையும் தனித்தனியே பாருங்கள். பலரும் முதலாவதை மட்டுமே தேடி மைல்கணக்கில் நடக்கிறார்கள். முழங்கால் காலணி தேவைப்படும் ஓர் ஓடைக்கு அப்பால், பாதையிலிருந்து முந்நூறு மீற்றரில் இருக்கும் சிறு மேடு ஒருவராலும் மிதிக்கப்படாமல் கிடப்பதுண்டு. ஏரிக்கு அப்பால் வேறு வழியின்றிக் கிடக்கும் முடிக்குரிய கரையும் அத்தகையதே. ஒரு கனூ வைத்திருப்பவருக்கு அது கிட்டத்தட்டத் தனிக் காணி. நவம்பர் நீரின் குளிர் உயிருக்கு உலை வைக்கக்கூடியது என்பதால் மிதவைச் சட்டையை அணிந்தேயாக வேண்டும், பைக்குள் வைத்திருந்தால் பயனில்லை.

ஆளரவம் குறைந்த நிலம் எல்லாவற்றிலும் மான் இருந்துவிடாது. முதிர்ந்த மேப்பிள் காடு கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் அதன் நிழலில் மான் தின்ன அதிகமில்லை. மான் விரும்புவது ஓரங்களை, அதாவது ஒருவகைத் தாவரம் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லைகளை. மரம் வெட்டப்பட்டுச் சில ஆண்டுகளான இடத்தில் இளந்தளிரும் ராஸ்ப்பெரிப் புதரும் மண்டியிருக்கும். அது உணவும் மறைவும் ஒருங்கே தருகிறது. செவ்வோக் மரங்கள் நிற்கும் பாறை முகடுகளில், கொட்டை விளைந்த ஆண்டென்றால், பனி மூடும்வரை மான்கள் தேடி வரும். எல்லா ஆண்டிலும் ஓக் காய்ப்பதில்லை என்பதால், செப்டெம்பர் இறுதியில் அங்கே போய்த் தரையைப் பார்க்காமல் முந்திய ஆண்டின் அனுபவத்தை நம்பக் கூடாது. கைவிடப்பட்ட பழைய பண்ணைகளின் அப்பிள் மரங்களையும் மறந்துவிடாதீர்கள். ஹேஸ்டிங்ஸ், ஃப்ரொன்டெனாக் பகுதிகளில் குடியேற்றக் காலத்து வயல்கள் பல மீண்டும் காடாகிவிட்டன, மரங்கள் மட்டும் புதருக்குள் இன்னும் காய்க்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வசந்தகாலத்தில் காட்டைப் பார்க்கப் போகும் புதியவர், தாழ்ந்த நிலத்துச் சீடர் மரங்கள் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரே அளவாகக் கடித்துத் தீர்க்கப்பட்டிருப்பதையும், புழுக்கை குவியலாகக் கிடப்பதையும் கண்டு, இதுதான் இடம் என்று குறித்துக்கொள்வார். அது குளிர்காலப் புகலிடம். பனி ஆழ்ந்தபின், ஹெம்லொக், சீடர் மரங்கள் அடர்ந்து பனியைத் தாங்கிப் பிடிக்கும் அத்தகைய இடங்களில் மான்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து கூடும். பரி சவுண்ட் மாவட்டத்தின் லோரிங் பகுதியிலுள்ள புகலிடம் ஒன்ராறியோவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. நவம்பர் தொடக்கத்தில் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். நவம்பருக்கு வேண்டியது சென்ற இலையுதிர்காலத்தின் சான்று: ஆண் மான் கொம்பால் உரசிப் பட்டை உரித்த இளமரங்கள், தாழ்ந்த கிளைக்குக் கீழே காலால் கிளறிய வெற்று மண், ஒரே தடத்தில் பலகாலம் நடந்து பள்ளமான ஒற்றையடிப் பாதை. பனி உருகியதும் தளிர் விடுவதற்குமுன் உள்ள சில வாரங்களில் இவை தெளிவாகத் தெரியும்.

உரசல்கள் வரிசையாகச் செல்லும் திசையை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் நிலம் ஒடுங்கும் இடங்களினூடாகவே போவது தெரியவரும். இரண்டு பீவர் குளங்களுக்கு இடையே எஞ்சிய உலர்நிலம், நீண்ட முகட்டில் இரு உச்சிகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் கடவை, சரிவின் நடுவே படியைப் போல் தட்டையாக ஓடும் தளம், சதுப்பின் தலைமாட்டைச் சுற்றிப் போகும் குறுகிய கரை ஆகியன அத்தகைய இடங்கள். நவம்பர் நடுப்பகுதியில் உச்சத்தை அடையும் இணைசேரும் பருவத்தில் ஆண் மான் பிணைகள் படுக்கும் ஒரு புதரிலிருந்து இன்னொன்றுக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அப்போது உணவிருக்கும் இடத்தைவிட இந்த ஒடுக்கங்களே மேல். ஒரே ஓர் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், இரு பிணைப் புதர்களுக்கு இடைப்பட்ட முகட்டுக் கடவையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அங்கே எந்தப் பக்கத்தில் அமர்வது என்பதைக் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும். மானின் மூக்கை எந்தச் சோப்பும் எந்தத் தைலமும் ஏமாற்றாது. ஹலிபர்ட்டன், பான்குரொஃப்ட் பகுதிகளில் முகடுகள் பல வடகிழக்கு தென்மேற்காக நீள்கின்றன. குளிர் காற்றோ பெரும்பாலும் வடமேற்கிலிருந்து அவற்றைக் குறுக்கறுத்து வீசுகிறது. அந்நாட்களில் முதிர்ந்த ஆண் மான் தென்கிழக்குச் சரிவின் மேற்பகுதியில் படுத்து, முதுகுப் பக்கத்திலிருந்து வருவதை மூக்காலும் கீழிருந்து வருவதைக் கண்ணாலும் காவல் காக்கும். அவ்வாறிருக்க, முகட்டின் மேலேறி வடமேற்கிலிருந்து அதை அணுகுவது, வருகையை முன்கூட்டியே அறிவிப்பதாகும். பெருங்காற்று அடங்கிய நாட்களில் சரிவின் சொந்தக் காற்று ஆளத் தொடங்கும்: வெயில் ஏறும்போது மேலெழும், மாலையில் குளிர்ந்து தாழ்வுக்கு இறங்கும். ஆகவே காலையில் மானின் தடத்துக்கு மேலேயும், மாலையில் அதற்குக் கீழேயும் இருப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. போய்ச்சேரும் வழியும் இவ்விதிக்கு உட்பட்டதே. அமரும் இடம் எவ்வளவு நல்லதாயினும், அங்கே செல்ல மான்கள் படுத்திருக்கும் புதரைக் கடக்க வேண்டுமென்றால் அதைக் கைவிடுங்கள். ஒரே இடத்தை நம்பியிராமல், மேற்குக் காற்றுக்கு ஒன்று, தெற்குக் காற்றுக்கு ஒன்று, கிழக்குக் காற்றுக்கு ஒன்று என்று வைத்திருப்பதே பொதுக் காட்டில் தாக்குப்பிடிக்கும் முறை. வேறொருவர் முன்கூட்டியே வந்து அமர்ந்திருந்தாலும் அதுவே கைகொடுக்கும்.

மான் விழுந்தபின் என்ன செய்வது என்பதையும் இடத்தேர்விலேயே சேர்த்துவிட வேண்டும். முதிர்ந்த ஆண் மான் குடல் நீக்கிய பின்னும் எழுபது கிலோவைத் தாண்டலாம். அதைப் பாறையும் விழுந்த மரமும் நிறைந்த சரிவில் மேல்நோக்கி இழுப்பது இருவருக்கே கடினம். தனியாகப் போகிறவர் வண்டியை நோக்கி நிலம் இறங்கும் பக்கத்தையோ நீர்வழியையோ தேர்ந்தெடுப்பதும், இல்லையேல் களத்திலேயே துண்டாக்கிச் சுமக்கும் முறையை அதற்கான சட்ட விதிகளோடு கற்றுக்கொள்வதும் நல்லது. நவம்பரிலும் சில நாட்கள் பத்துப் பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும். அன்று தொலைவான இடத்தில் சுட்டால் இறைச்சி கெட்டுப்போக வாய்ப்புண்டு.

இந்தப் பகுதியின் வழக்கம் ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். இங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே முகாமில் கூடும் குழுக்கள் உண்டு. சில அலகுகளில் அவர்கள் நாய்களை விட்டு மானை விரட்டுவது சட்டபூர்வமானது. நிலம் அவர்களுடையது அல்ல, எனினும் விரட்டப்படும் மானுக்காக அவர்கள் காத்திருக்கும் இடங்களுக்கு நடுவே போய் அமர்வதால் பகையும் ஆபத்துமே மிஞ்சும். முன்னரே போய்ப் பேசினால் எந்தப் பக்கம் ஓட்டுவார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். நாய் விரட்டும் மான் எந்தச் சதுப்பைக் கடந்து தப்பிக்கிறது என்பதும் அந்தப் பேச்சில் தெரியவரலாம். முதல் குடிகள் எனப்படும் பழங்குடி மக்களுள், உடன்படிக்கை உரிமைப்படி வேட்டையாடுபவர்களையும் சந்திப்பீர்கள். அவர்களுக்கான பருவமும் விதியும் வேறு என்பதால், அவர்கள் சட்டத்தை மீறுவதாக எண்ணிவிடக் கூடாது.

துப்பாக்கிப் பருவத்தில் வில்லோடு போகிறவரும், தலையிலும் மேலுடலிலும் வேட்டைச் செம்மஞ்சள் அணிய வேண்டும். இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு முதல் மறைவுக்கு அரை மணி பின்புவரைதான் வேட்டை நேரம். நவம்பரின் முதல் ஞாயிறன்று கடிகாரம் பின்தள்ளப்படுவதால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்; முதல் ஆண்டில் திரும்பும் வழியைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். கைப்பேசி அலை பல இடங்களில் இருக்காது. இங்கே திசைகாட்டியின் முள் உண்மை வடக்கிலிருந்து பத்துப் பாகைக்கு மேல் மேற்கே விலகிக் காட்டும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். உறைநிலைக்கு மேலான நாட்களில், குறிப்பாகக் கிங்ஸ்டனுக்கு வடக்கேயுள்ள காடுகளில், லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் இருப்பதால் வீடு திரும்பியதும் உடலைச் சோதியுங்கள். போகும் இடத்தை வரைபடத்தில் குறித்து, எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பருவம் முடிந்ததும், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் மாகாணத்துக்கு வேட்டை அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டுகளில் உங்கள் அலகுக்கு எத்தனை பிணைமான் அனுமதி ஒதுக்குவது என்பதற்கு அந்த அறிக்கைகளும் பயன்படுகின்றன.