படம் வராத எல்இடி டிவி: ‘பேனல் போய்விட்டது’ என்று முடிவு கட்டும் முன்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு வரையிலான ஊர்களில், நான் பார்த்த அளவில், ஆண்டுக்கு இரண்டு முறை தொலைக்காட்சிப் பெட்டிகள் வரிசையாகப் பழுதுக்கு வரும். ஆனி, ஆடி மாதச் சாரலில் சுவரெல்லாம் ஓதம் ஏறி, அந்த ஈரம் பெட்டிக்குள் இருக்கும் போர்டுகளிலும் படிகிறது. ஐப்பசியில், மலைக்கு அந்தப் பக்கத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் மழையில், பிற்பகல் இடி கேபிள் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டிலும் வீட்டுக்காரர் கேட்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பேனல் போயிடுச்சு, புது டிவியே வாங்கிடுங்க.’ புளியரையில் என் உறவினர் ஒருவர் இந்தத் தீர்ப்பை நம்பி, சத்தம் வந்து படம் மட்டும் வராத 32 அங்குலப் பெட்டியைப் பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிட்டார். வாங்கியவர் உள்ளே இருந்த எல்இடி பட்டைகளை மட்டும் மாற்றினார். அந்தப் பெட்டி இன்றும் அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ‘எல்இடி டிவி’ என்ற பெயர்தான். படத்தை உருவாக்கும் கண்ணாடிப் பேனல் தானாக ஒளிர்வதில்லை. அது திரவப் படிகத்தால் ஆன ஒரு திரை. அதன் பின்னால், வெள்ளைப் பிரதிபலிப்புத் தாளின் மேல், எல்இடி விளக்குகள் வரிசையாகப் பதித்த பட்டைகள் ஒளி கொடுக்கின்றன. இதையே பேக்லைட் என்கிறோம். மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பவர் போர்டு, சிக்னலைப் படமாக்கும் மெயின் போர்டு, அந்தப் படத்தைப் பேனலின் வரிகளுக்குப் பங்கிட்டுத் தரும் டீகான் போர்டு ஆகிய மூன்றும் இவற்றோடு சேர்ந்து இயங்குகின்றன. இவற்றில் எது நின்றாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருட்டுத்திரை ஒன்றுதான் தெரியும். ஆகவே இருட்டைக் கண்டதும் பேனலின் மேல் பழி போடுவது, விளக்கு அணைந்த அறையில் புத்தகத்தில் எழுத்தே இல்லை என்று சொல்வதைப் போன்றது.

சத்தம் வந்து படம் வராத பெட்டியில் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குத் திருப்புளிகூடத் தேவையில்லை. இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டு, கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி படும் இடத்தில் மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால், பேனலும் மெயின் போர்டும் படத்தைச் சரியாகவே உருவாக்குகின்றன, பின்னால் இருந்து வர வேண்டிய ஒளி மட்டும் வரவில்லை என்று பொருள். உருவம் சிறிதும் தெரியாவிட்டால்தான் டீகான், ரிப்பன் கேபிள், மெயின் போர்டு, பேனல் என்ற வரிசையில் தேட வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விடுவதே எல்லாத் தவறுகளிலும் விலை கூடியது என்பேன்.

அதற்கும் முன்பு வரும் எளிய தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து திரையில் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது. பழுது செட்டாப் பாக்ஸிலோ, எச்டிஎம்ஐ கம்பியிலோ, ரிமோட்டில் யாரோ தவறி மாற்றிய இன்புட்டிலோ இருக்கிறது. சில பெட்டிகளில் பாட்டு மட்டும் கேட்பதற்காகப் படத்தை அணைக்கும் வசதியும் உண்டு. குழந்தைகள் கையில் ரிமோட் இருக்கும் வீடுகளில் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

போட்டவுடன் திரை ஒரு கணம் வெளிச்சமாகி இரண்டொரு நொடியில் இருண்டுவிடுமானால், மக்கள் மீண்டும் மீண்டும் அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டையில் உள்ள விளக்குகள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றின் உள் இணைப்பு அறுந்துவிட்டால் அந்த வரிசை முழுவதும் அணையும். மின்சாரம் சரியாக ஓடவில்லை என்று கண்டதும் பேக்லைட் டிரைவர், அதாவது அந்த விளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் சுற்று, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. இருபது முறை போட்டாலும் அந்த விளக்கு பிழைக்கப்போவதில்லை. மாறாக, விட்டுப்போன இடத்தில் பொறி பறந்து பட்டை கருகுவதுண்டு. சிவப்பு விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டினால் அந்த எண்ணிக்கையை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்றாலும், பழுது பார்ப்பவருக்கு அது பாதி விடையைத் தந்துவிடும்.

பெட்டியின் தலையில் தட்டிப் படத்தை வரவழைத்தது படக்குழாய் டிவியின் காலம். இப்போது தட்டினால் கண்ணாடி விரிசல் விடும், அல்லது கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய நாடாக்கள் பிடி விட்டுத் திரையில் செங்குத்துக் கோடுகள் விழும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் நேராக அடிப்பதும் இதே வகைத் தவறுதான். திரவம் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கினால் அந்த நாடாக்களின் இணைப்பை அரித்துவிடுகிறது. மென்மையான துணியைச் சற்றே நனைத்துத் துடைத்தால் போதும்.

பின் மூடியைக் கழற்றும் துணிச்சல் உள்ளவர்கள் செய்யும் தவறு உயிரோடு விளையாடுவதாக இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரம் பவர் போர்டில் நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பெரிய பெட்டிகளில் அது 380, 400 வோல்ட் வரை உயர்த்தப்படுவதும் உண்டு. அதைத் தாங்கி நிற்கும் பெரிய கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அந்த மின்னூட்டத்தை வைத்திருக்கும். வீட்டில் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது, ஏனென்றால் பிளக்கிலிருந்து பிரிந்துவிட்ட மின்னூட்டத்தை அந்தக் கருவியால் அறியவே முடியாது. திருப்புளியைக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் வைத்து மின்னூட்டத்தைப் ‘பட்’டென்று இறக்குவது பழைய கைப்பழக்கம், அது கெபாசிட்டரையும் போர்டையும் சேர்த்துக் கெடுக்கும், தெறிக்கும் பொறி கண்ணையும் கெடுக்கலாம். காப்பிட்ட கம்பிகள் பொருத்திய பழைய குண்டு பல்பை இரு முனைகளுக்கும் இடையில் வைத்து மெல்ல இறக்கி, பிறகு மீட்டரால் அளந்து பார்ப்பதே முறை. மீட்டரைப் பயன்படுத்தத் தெரியாதவர் மூடியைக் கழற்றாமல் இருப்பது நல்லது.

போர்டில் ஃபியூஸ் போயிருந்தால் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸையோ ஒரு செம்புக் கம்பியையோ வைத்துப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபியூஸ் காரணமில்லாமல் போவதில்லை. பெரும்பாலும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ, அதை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கும். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துச் சோதித்தால், ஷார்ட் இருக்கும் போர்டு வெடிப்பதற்குப் பதிலாகப் பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும். உப்பிய கெபாசிட்டரை மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதுவாகவே இருக்க வேண்டும், வோல்ட் அளவு குறையக் கூடாது, வெப்ப அளவு 105 டிகிரி என்று அச்சிட்டிருக்க வேண்டும். 85 டிகிரிச் சரக்கைப் போட்டால் மறு கோடைக்குள் அதே பெட்டி அதே பழுதோடு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

பேக்லைட்தான் பழுது என்று தெரிந்த பிறகும் தவறுகள் ஓய்வதில்லை. போன ஒரே விளக்கை மட்டும் மாற்றித் தரச் சொல்லிப் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஒரே அளவு நேரம் எரிந்த மற்ற விளக்குகளும் அதே களைப்பில்தான் இருக்கும். சில மாதங்களில் அடுத்தது போகும். மேலும் 3 வோல்ட் விளக்கு இருந்த இடத்தில் 6 வோல்ட் விளக்கை வைத்தால் வரிசையின் கணக்கே மாறிவிடும். பட்டைகளை முழு செட்டாக மாற்றுவதே சரி. பட்டையை அடைய வேண்டுமானால் கண்ணாடிப் பேனலைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அந்தக் கட்டத்தில்தான் நல்ல பேனல்கள் சாகின்றன. ஒருவராக நின்று பெரிய கண்ணாடியைத் தூக்குவது, ஒளி பரப்பும் தாள்களின் வரிசையை மாற்றி அடுக்குவது, விளக்கின் மேல் இருக்கும் சிறு லென்ஸ் விழுந்ததைக் கவனிக்காமல் மூடித் திரையில் வெள்ளை வட்டங்களை வரவைப்பது, இவையெல்லாம் நான் நேரில் பார்த்தவை. வேலை முடிந்து வந்தபின் அமைப்புகளில் பேக்லைட் அளவை 100-இலேயே விடாமல் 60, 70-க்கு இறக்கினால் புதுப் பட்டைகள் நெடுநாள் நிற்கும். பிரைட்னஸ் என்பது வேறு அமைப்பு. அதைக் குறைப்பதால் பல பெட்டிகளில் விளக்கின் வெப்பம் குறைவதில்லை.

மெயின் போர்டு கிடைக்காதபோது பல பெட்டிகளுக்கும் பொருந்தும் பொது போர்டு ஒன்றை மாட்டுவது வழக்கம்தான். பேனலுக்கு 5 வோல்ட் தேவையா 12 வோல்ட் தேவையா என்று பார்க்காமல், அந்த வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பான ஜம்பரை வைத்தாலோ, மின்சாரம் இருக்கும்போதே ரிப்பன் கேபிளைச் செருகினாலோ, அதுவரை இல்லாத பேனல் பழுது அன்றைக்குத்தான் பிறக்கிறது.

இடியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. மழை இருட்டியதும் சுவிட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிளக்கைப் பிடுங்குவதோடு கேபிள் கம்பியையும், டிஷ் கம்பியையும், இணையக் கம்பியையும் இடி தொடங்குவதற்கு முன்பே கழற்றிவைக்க வேண்டும். எச்டிஎம்ஐ துளை கருகி வரும் பெட்டிகளில் மின்னல் நுழைந்த வழி பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ்தான். ஸ்டெபிலைசர் மின்னலைத் தடுக்காது. இன்றைய பெட்டிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளித்துக்கொள்வதால், ஸ்டெபிலைசருக்குச் செலவழிப்பதைவிட வீட்டின் எர்த்தையும் நியூட்ரல் இணைப்பையும் சரிபார்ப்பது முக்கியம். மும்முனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு முனையில் 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். எந்தப் பெட்டியும் அதைத் தாங்காது.

சாரல் காலத்தில் வெப்பத்தைத் தேடிப் பல்லியும் எறும்பும் பின் மூடியின் துளைகளில் புகுவதுண்டு. அதற்காகப் பூச்சி மருந்தை உள்ளே அடிக்கக் கூடாது. கூரை ஒழுகி நனைந்த பெட்டியை ‘வேலை செய்கிறதா’ என்று உடனே போட்டுப் பார்க்கவும் கூடாது. மூடி கழற்றி முழுமையாகக் காயும் வரை மின்சாரம் காட்டாமல் இருந்தால், தப்பிப் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, தென்மலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செங்கோட்டைக்கு வரும் பெட்டிகள் ஆட்டோவின் பின் இருக்கையில் படுத்த வாக்கில் வருகின்றன. மலைச் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் கண்ணாடியின் நடுவில்தான் இறங்குகிறது. நிமிர்த்தி வைத்து, திரைப்பக்கம் அட்டையோ போர்வையோ கொடுத்து, இருவராகப் பிடித்து வர வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியானால் பில் கையில் இருக்க வேண்டும், மூடியை யாரும் தொட்டிருக்கக் கூடாது. ரிமோட்டையும் கூடவே எடுத்து வர வேண்டும். பல பெட்டிகளில் ஒரே ஒரு பட்டன்தான் இருக்கிறது, ரிமோட் இல்லாமல், பழுது பார்ப்பவருக்கான அமைப்புகள் இருக்கும் சர்வீஸ் மெனுவுக்குள் போக முடியாது. பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்து, மறுநாள் அதற்காகவே மீண்டும் மலை இறங்கி வருகிறார்கள்.