பக்கவாதத்துக்குப் பின் நடைப்பயிற்சி: வீட்டில் செய்யும் தவறுகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே, நோயாளியை ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, "நட, நட" என்று வாசல் வரை கூட்டிப்போவதை ஆரணியிலும் பார்க்கலாம், குடியாத்தத்திலும் பார்க்கலாம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அவர் நடக்கவில்லை, தொங்குகிறார். வாதம் அடித்த காலில் எடை இறங்கவே இல்லை. எடை இறங்காத கால் எத்தனை தூரம் இழுத்துப் போனாலும் நடக்கக் கற்காது.

தோளுக்கும் கேடு. வாதத்தில் தோள் தசைகள் தளர்ந்து மூட்டு கீழே இறங்கியிருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் வலி தொடங்கும், வலி வந்தால் பயிற்சியே நின்றுபோகும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, பலவீனமான பக்கத்தில் சற்றுப் பின்னால் நின்று, அந்த பெல்ட்டைப் பிடியுங்கள்.

நடைக்கு முன்னால் எழுந்து நிற்கும் பயிற்சி. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போகிறார்கள். குழிந்துபோன கயிற்றுக் கட்டிலும் சோபாவும் வேண்டாம். முட்டி உயரத்துக்கு ஆடாத நாற்காலி போதும். விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, குதிகால்கள் முட்டிக்குப் பின்னால் வரும்படி பாதங்களை இழுத்து, மூக்கு கால்விரல்களைத் தாண்டும் அளவு முன்னால் குனிந்து எழ வேண்டும். நல்ல காலைப் பின்னுக்கு இழுத்து, வாதக் காலை முன்னால் நீட்டியபடி எழுந்தால் முழு எடையும் நல்ல காலுக்கே போகும். பழகியபின் வாதக் காலைச் சற்றுப் பின்னாலும் நல்ல காலைச் சற்று முன்னாலும் வையுங்கள்.

நின்றபின் சோதிக்க ஒரு வழி: வாதக் காலுக்கு அடியில் எடை மெஷின், நல்ல காலுக்கு அடியில் அதே உயரத்துப் பலகை. 60 கிலோ உள்ளவருக்கு முள் 30-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 15-இல் நின்றால் வாசலுக்குப் போக அவசரப்பட வேண்டாம்.

நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் இடிக்கும். "காலைத் தூக்கு" என்றால் இடுப்பைத் தூக்கிக் காலை அரைவட்டமாக வீசுவார், அது பழக்கமாகிவிடும். "முட்டியை மடக்கி முன்னால் கொண்டுவா, குதிகாலை முதலில் வை" என்று சொல்லுங்கள். ஊன்றிய கால் முட்டி பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டால் அதைப் பலம் என்று நினைக்காதீர்கள். மூட்டு நார்கள் கெட்டுப்போகும், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பாதம் தொங்கினால் பிளாஸ்டிக் கால்தாங்கி உதவும். அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, 1966-இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில் அதற்கான பணிமனை இருக்கிறது. ஷூவுக்குள்தான் போட வேண்டும், செருப்போடு போட்டால் வழுக்கும்.

ஊன்றுகோல் நல்ல கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். முதலில் கோல், பிறகு வாதக் கால், பிறகு நல்ல கால். உயரமான வாசற்படியும் ஒரு படிதான்: ஏற நல்ல கால் முதலில், இறங்க வாதக் கால் முதலில்.

அவசரமும் தவறு, கைவிடுவதும் தவறு. பக்கவாத நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்புவது பற்றி 2015-இல் வெளியான அவெர்ட் (AVERT) ஆய்வில், வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடக்க வைக்கப்பட்டவர்கள் 3 மாதத்துக்குப் பின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். எப்போது எழுப்புவது என்பதை டாக்டர் சொல்லட்டும். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் பயிற்சியால் நடை தேறும், "இனி வராது" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

வேலூர் வெயிலில் மொட்டை மாடிப் பயிற்சி வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுட்ட சிமெண்ட் தெரியாது. காலை 6 மணிக்கு ஷூவோடு நடக்கட்டும். இரவில் உள்ளங்காலை விளக்கடியில் பாருங்கள், சிவப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாள் நடை வேண்டாம்.