மேடன் ஃப்ரான்சைஸில் யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது

மேடன் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமில், ஒரு டீமைப் பல சீசன் நடத்தும் ஃப்ரான்சைஸ் மோடைத் தொடர்ந்து ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். முதல் சீசனில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஐந்தாறு சீசன் கழித்துப் பார்த்தால் லீக்கில் பாதி குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிகிறவர்கள்) ரேட்டிங்கில் 90-க்கு மேல் நிற்பார்கள். போன வருடம் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) வந்த பையன் 97. எல்லா டீமிலும் சூப்பர்ஸ்டார் உட்கார்ந்திருந்தால் அப்புறம் டிராஃப்டில் யாரை எடுத்தால் என்ன?

நண்பர்களோடு நடத்தும் ஆன்லைன் லீக்கில் நான்தான் கமிஷனர். திட்டு வாங்குவதற்கென்றே உள்ள பதவி. ரேட்டிங்கை முழுசாக ஆட்டத்தின் கையில் விட்டுவிடாமல், சீசன் முடிந்ததும் ஒரு கணக்குப் போட்டு நானே மாற்றுகிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாக ஆடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் செட்டிங்ஸ். எக்ஸ்பி (ரேட்டிங்கை ஏற்ற உதவும் அனுபவப் புள்ளி) ஸ்லைடர்கள் பொசிஷன் வாரியாகத் தனித்தனியே இருக்கும். அவற்றைப் பாதிக்கு இறக்குங்கள். குவார்ட்டர்பேக்கை இன்னும் கொஞ்சம் கீழே. பூஜ்யமாக்க வேண்டாம், அவ்வப்போது ஒரு புள்ளி ஏறுகிற சின்ன சந்தோஷம்கூட இல்லாவிட்டால் ஆடுகிறவனுக்கு அலுத்துவிடும். பெரிய மாற்றங்களை வருடத்துக்கு ஒரே முறை, சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் முடிந்து டிராஃப்ட் தொடங்குவதற்குள் கையால் செய்யப் போகிறோம். சீசன் நடுவில் எடிட் பிளேயரை (ரேட்டிங்கைக் கையால் மாற்றும் திரை) திறக்கவே கூடாது. திறந்தால் அன்றைக்கே சண்டை.

அடுத்து, லீக் தொடங்கும் நாளன்றே ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள்: ஒவ்வொரு பொசிஷனிலும் 90-க்கு மேல் எத்தனை பேர், 80-க்கு மேல் எத்தனை பேர் என்று. 32 டீம், டீமுக்கு 53 பேர், ஆக 1,696 பேர். எல்லோரையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல்நிலை ஆட்கள்) போதும். இந்த ஷீட் கடைசியில் தேவைப்படும்.

உடம்பு வேறு, தொழில் வேறு

ஓவரால் என்ற ஒற்றை மொத்த ரேட்டிங் எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஸ்பீட், ஆக்ஸிலரேஷன், அஜிலிட்டி, ஜம்பிங், த்ரோ பவர் எல்லாம் உடம்பு. ரூட் ரன்னிங், கேட்சிங், பாஸ் பிளாக், த்ரோ அக்யூரசி, மேன் கவரேஜ் எல்லாம் தொழில். அவேர்னஸும் பிளே ரெகக்னிஷனும் அனுபவம். ஸ்ட்ரெங்த் உடம்போடு சேர்ந்ததுதான் என்றாலும் தாமதமாக முற்றும். முன்வரிசையில் நிற்கும் லைன்மேனுக்கு 26, 27 வயது வரை அதை ஏற்றலாம்.

ஸ்ட்ரெங்த்தைத் தவிர உடம்பு எதுவும் ஏறாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 22 வயதில் 40 யார்டை 4.5 வினாடியில் ஓடுகிறவன் 25 வயதில் 4.3-இல் ஓடப் போவதில்லை. மேடன் 13-இல் கனெக்டட் கேரியர்ஸ் (ஃப்ரான்சைஸின் அன்றைய வடிவம்) வந்த காலத்தில் எக்ஸ்பி கொடுத்து ஸ்பீடையே வாங்க முடிந்தது. சேர்த்து வைத்து வாங்கினவனிடம் பந்து பிடிப்பவனைத் துரத்தும் கார்னர்பேக்கின் வேகத்தில் ஓடும் கனத்த லைன்பேக்கர் இருப்பான். அது வேடிக்கையாக இருந்தது, ஃபுட்பாலாக இல்லை. டிராஃப்டில் வந்த ஸ்பீட்தான் கடைசி வரைக்கும் உச்சம். அங்கிருந்து இறங்க மட்டுமே செய்யும். காயத்தில் போனது திரும்பி வருவது ஒன்றுதான் விலக்கு.

வேகம் இருப்பவனுக்குத் தொழில் தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2017 கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனை) பந்தைப் பிடிக்கும் ரிசீவரான ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தார். பெங்கால்ஸ் டீம் அவரை டிராஃப்டில் 9-ஆவது பிக்காக (தேர்வாக) எடுத்தது. முதல் சீசன் முழுக்க ஒரு பாஸ்கூடப் பிடிக்கவில்லை. 2000 கம்பைனில் 5.28 வினாடி எடுத்துக்கொண்டு ஓடிய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 199-ஆவது ஆளாகப் போனார். ஏழு சூப்பர் பௌல். உடம்பையும் தொழிலையும் ஒரே ஏணியில் ஏற்றக்கூடாது என்பதற்கு இந்த இருவர் போதும்.

தொழில் எதனால் ஏற வேண்டும்? ஆடுவதால். டச்டவுன் எண்ணிக்கையால் அல்ல. ஸ்டாட்ஸுக்கு எக்ஸ்பி கொடுத்தால், ரேட்டிங் கூடியவன் இன்னும் ஸ்டாட்ஸ் எடுப்பான், அதனால் இன்னும் கூடுவான், முடிவே இல்லை. எங்கள் லீக்கில் ஒருத்தன் 35 புள்ளி முன்னால் இருக்கும்போதும் நாலாவது குவார்ட்டரில் தன் ஸ்டார்ட்டர் ரன்னிங் பேக்கை (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்) வெளியே எடுக்க மாட்டான். அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: 17 ஆட்டத்தில் குறைந்தது பத்தில் ஸ்டார்ட்டராக ஆடியிருக்கிறானா? ஆடியிருந்தால் தொழில் ரேட்டிங் ஏற வாய்ப்பு உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவேர்னஸ் மட்டும் ஒன்றிரண்டு ஏறட்டும்.

ரன்னிங் பேக்: வயதைப் பார்க்காதே, ஓட்டத்தைப் பார்

ஆட்டம் ரன்னிங் பேக்கை வயதை வைத்தே இறக்குகிறது. நிஜத்தில் அவனைத் தின்பது அடி. 2006-இல் கன்சாஸ் சிட்டியின் லேரி ஜான்சன் 416 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரே சீசனில் அதற்கு முன் யாரும் அத்தனை முறை ஓடியதில்லை. அடுத்த வருடம் எட்டு ஆட்டத்தோடு சீசன் முடிந்தது, 559 யார்டு. 2005-இல் 1,880 யார்டு ஓடி எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிய ஷான் அலெக்ஸாண்டர் மூன்றே வருடத்தில் லீக்கிலேயே இல்லை. டாட் கர்லி 2017-இல் அஃபென்சிவ் பிளேயர் ஆஃப் த இயர் (சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர்). முழங்கால் போய், 26 வயதில் ஆடிய 2020 சீசன்தான் கடைசி.

என் விதி இது. ஒரு சீசனில் 300 ஓட்டத்தை, அதாவது பந்தோடு 300 முறை ஓடுவதைத் தாண்டினால் ஸ்பீட், ஆக்ஸிலரேஷன், பிரேக் டேக்கிள் மூன்றிலும் ஒன்று குறையும். 350-ஐத் தாண்டினால் இரண்டு, கூடவே இஞ்சுரி ரேட்டிங்கில் ஐந்து. மொத்தக் கேரியர் ஓட்டம் 1,800-ஐத் தாண்டியபின் வருடா வருடம் தலா இரண்டு, 300 ஓடினாலும் ஓடாவிட்டாலும். மேலே சொன்ன அந்த நண்பனுக்கு இதை முதன்முதலில் போட்டபோது, "டேய், அவனுக்கு 25 வயசுதான்டா ஆகுது!" என்று குதித்தான். "வயசு 25, போன சீசன் ஓட்டம் 390" என்றேன். அடுத்த சீசனிலிருந்து அவன் டீமில் இரண்டாவது ரன்னிங் பேக் ஆட ஆரம்பித்தான். நிஜ டீம்கள் செய்வதும் அதைத்தானே?

விதிவிலக்குகளுக்கும் இடம் வேண்டும். ஃபிராங்க் கோர் 16 சீசன் ஆடி 16,000 யார்டு எடுத்தார். டெரிக் ஹென்றி 2020-இல் 378 ஓட்டத்தில் 2,027 யார்டு, அடுத்த வருடம் பாதியில் கால் எலும்பு முறிவு, ஆள் முடிந்தார் என்றார்கள். 2024-இல் 30 வயதில் ரேவன்ஸுக்கு 1,921 யார்டு. அதனால் கேரியர் ஓட்டத்துக்கான இறக்கத்தை நேரடியாகப் போடாமல் 20 முகப் பகடை உருட்டுகிறேன். 18-க்கு மேல் விழுந்தால் அந்த வருடம் தப்பித்தான்.

குவார்ட்டர்பேக் படியாக ஏறுவதில்லை, தாவுகிறான்

குவார்ட்டர்பேக்கை வருடத்துக்கு இரண்டிரண்டு புள்ளியாக ஏற்றுவது நிஜத்துக்கு ஒட்டாது. ஜோஷ் ஆலன் முதல் வருடம் 2018-இல் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் ஆள் கையில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் 58.8. மூன்றாம் வருடம் 69.2. கையின் பலம் முதல் நாளிலிருந்தே இருந்தது, மாறியது துல்லியம். அந்த வருடம்தான் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸும் அவருடைய டீமான பஃபலோவுக்கு வந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே இரண்டாம், மூன்றாம் வருடத்தில் மட்டும் பெரிய தாவலுக்கு வாய்ப்பு கொடுங்கள்: ஷார்ட், மீடியம், டீப் அக்யூரசி மூன்றுக்கும் சேர்த்து 12 புள்ளி வரை. நிபந்தனை, ஹெட் கோச் மாறியிருக்கக் கூடாது. 85-க்கு மேல் ஒரு ரிசீவராவது இருக்க வேண்டும். நாலாம் வருடத்துக்குள் தாவாதவன் அப்புறம் தாவுவது அபூர்வம். ஐந்தாவதிலிருந்து அவேர்னஸ் மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டே போகட்டும்.

இறக்கமும் அப்படித்தான், சரிவாக இல்லாமல் பள்ளமாக வரும். பெய்ட்டன் மேனிங் 37 வயதில், 2013-இல், 55 டச்டவுன் எறிந்தார். 2015-இல் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பந்து). அந்த சீசன் சூப்பர் பௌலை அவருடைய டீம் டென்வர் ஜெயித்தது டிஃபென்ஸால். அவர் மூளை எங்கும் போகவில்லை, கை போயிற்று. வயதான குவார்ட்டர்பேக்கை இறக்கும்போது அவேர்னஸில் கை வைக்காதீர்கள். த்ரோ பவரையும் டீப் அக்யூரசியையும் இறக்குங்கள். 36 வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு பகடை. 4 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் த்ரோ பவரில் எட்டு புள்ளி ஒரே அடியாகப் போகும். மற்றபடி ஒன்றும் ஆகாது. பிரேடி 44 வயதில் 5,316 யார்டு எறிந்து லீக்கிலேயே முதலிடத்தில் நின்றார் என்றால், அவருக்குப் பகடை நன்றாக விழுந்துகொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஃபென்சிவ் லைன்மேன்களுக்கு எல்லாமே நிதானம். ஊறுகாய் மாதிரி, ஊற ஊறத்தான் ருசி. ரூக்கி டேக்கிளை (லைனின் ஓரத்தில் நிற்கும் முதல் வருடப் பையன்) ஆட்டம் கொடுப்பதைவிட மூன்று புள்ளி குறைத்து ஆரம்பியுங்கள். 28 வரை ஏற்றம், 33 வரை அப்படியே. ஆண்ட்ரூ விட்வொர்த் லெஃப்ட் டேக்கிளாக 40 வயதில் ராம்ஸோடு சூப்பர் பௌல் ஜெயித்தார். ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். அமெரிக்கன் ஃபுட்பாலே ஆடாமல் 2018-இல் 233-ஆவது பிக்காக ஈகிள்ஸுக்கு வந்தார். இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட இறங்கவில்லை, 2020-இல் ஸ்டார்ட்டர். உங்கள் லீக்கில் ஸ்ட்ரெங்த் 90, பாஸ் பிளாக் 55 என்று ஏழாவது ரவுண்டில் ஒரு பையன் கிடந்தால், அவனை மூன்று வருடம் வைத்துக்கொள்ளும் பொறுமைக்குப் பரிசு கிடைக்கிற மாதிரி விதியை எழுதுங்கள்.

கார்னர்பேக்குக்கு 30-க்கு மேல் ஸ்பீட் வருடத்துக்கு ஒன்று போகும், ஆனால் ஜோன் கவரேஜும் பிளே ரெகக்னிஷனும் ஏறும். அப்படி ஏறினால் தானாகவே பின்னால் நின்று காக்கும் சேஃப்டி இடத்துக்குப் பொருந்துவான். சார்ல்ஸ் வுட்சன் அப்படி மாறித்தான் 39 வயதுவரை ஆடினார். ரிசீவருக்கும் இதே கணக்கு. லேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் வேகம் குறைந்தபின் ஸ்லாட்டில் (ஓரத்தில் இல்லாமல் உட்பக்கம்) நின்று, 32 வயதிலிருந்து தொடர்ந்து மூன்று சீசன் நூறு கேட்சுக்கு மேல் பிடித்தார். கிக்கரை 42 வரை தொடவே வேண்டாம்.

மறைந்திருக்க வேண்டியது

ஆட்டக்காரன் எவ்வளவு வேகமாக வளர்வான் என்று சொல்லும் நார்மல், ஸ்டார், சூப்பர்ஸ்டார், எக்ஸ்-ஃபேக்டர் என்ற நான்கு தகுதிகள் இருக்கின்றனவே, என் கண்ணுக்கு இந்த ஆட்டத்தின் பெரிய குறை அதுதான். எக்ஸ்-ஃபேக்டர் 2019-இல் மேடன் 20-இல் சேர்ந்தது. ரூக்கிகளுக்குக் கொஞ்ச நாள் மறைத்து வைத்தாலும், ஒருமுறை தெரிந்துவிட்டால் அவன் எதிர்காலம் எழுதி வைத்தாயிற்று. கர்ட் வார்னரை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்து, அரீனா ஃபுட்பால் ஆடி, 28 வயதில் 1999 எம்விபி ஆனார். ஜேம்ஸ் ஹாரிசனும் டிராஃப்டில் போகாதவர்தான். 30 வயதில் 2008-இன் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். 2007-இல் முதல் பிக்காகப் போன ஜமார்கஸ் ரஸல் மூன்று சீசனில் காணாமல் போனார். ஆட்டத்தின் தகுதியை அப்படியே நம்பினால் இவர்களில் யாரும் உங்கள் லீக்கில் பிறக்க மாட்டார்கள்.

இதற்கும் பகடைதான். 26 வயதுக்குக் கீழே, பத்து ஆட்டம் ஆடிய எல்லோருக்கும் ஒரு உருட்டு. 1 அல்லது 2 என்றால் தொழில் ரேட்டிங்குகளில் மூன்று இறக்கம். 3 முதல் 9 வரை மாற்றமில்லை. 10 முதல் 17 வரை இரண்டு ஏற்றம். 18, 19-க்கு நான்கு. 20 விழுந்தால் ஏழு, கூடவே தகுதி ஒரு படி மேலே. 26-க்கு மேற்பட்டவர்களில் லீக் முழுவதிலிருந்தும் மூன்று பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து அவர்களுக்கும் இதே உருட்டு. வார்னர் எங்கிருந்து வருவார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, கமிஷனருக்கும்கூட.

காயத்துக்குச் சுருக்கமாக: ஏசிஎல் (முழங்கால் தசைநார்) போனவனுக்கு ஸ்பீடில் மூன்று குறைத்து, அடுத்த சீசன் முடிவில் இரண்டைத் திருப்பிக் கொடுங்கள். ஏட்ரியன் பீட்டர்சன் 2011 டிசம்பரில் ஏசிஎல் கிழிந்து, 2012-இல் 2,097 யார்டு ஓடினார். அவர் மாதிரி ஆட்களுக்காகப் பகடையில் 20 விழுந்தால் மூன்றையும் திருப்பிக் கொடுக்கலாம்.

இப்போது அந்தப் பழைய ஷீட்டை எடுங்கள். எல்லா மாற்றமும் போட்டு முடித்தபின் பொசிஷன் வாரியாக மறுபடி எண்ணுங்கள். லீக் தொடங்கியபோது 90-க்கு மேல் ஐந்து குவார்ட்டர்பேக் இருந்து, இப்போது ஒன்பது இருந்தால், அந்தப் பொசிஷனில் உள்ள எல்லோருக்கும் தொழில் ரேட்டிங்குகளில் ஒவ்வொரு புள்ளியாகக் குறையுங்கள், எண்ணிக்கை ஆறுக்கு வரும்வரை. எல்லோருக்கும் சேர்ந்தே குறைவதால் யாருடைய வரிசையும் மாறாது. ஒன்று அதிகமாக விட்டுவைப்பது வேண்டுமென்றேதான்; சில வருடம் நல்ல டிராஃப்ட் வரத்தான் செய்யும். எண்ணிக்கை குறைந்திருந்தால் ஏற்ற வேண்டாம், டிராஃப்ட் பார்த்துக்கொள்ளும்.

ஷீட்டை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு இரண்டு நாள் டிரேடை (டீம்களுக்குள் ஆள் மாற்றம்) மூடி வையுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு அப்பீல். அப்பீல் செய்கிறவன் எந்த ஆட்டக்காரனை ஏற்றச் சொல்கிறானோ, அதே அளவுக்குத் தன் டீமில் இன்னொருவனை இறக்கவும் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் லீக்கில் இந்த விதி வந்தபின் அப்பீல்கள் ஏறக்குறைய நின்றே போய்விட்டன.