விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் கட்டற்ற மென்பொருள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக வேலைக்கான லிப்ரெஓபிஸ், படம் திருத்தும் கிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப், ஒலி தொகுக்கும் ஆடாசிட்டி, முப்பரிமாணப் படங்களுக்கான பிளெண்டர் எல்லாமே மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். அதனால் ஒன்றில் செய்த வேலை மற்றொன்றில் அப்படியே திறக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கோப்பு மட்டும்தான். அது நம்பியிருக்கும் எழுத்துரு, இணைத்த படங்கள், மென்பொருளின் பதிப்பு எதுவும் தானாகக் கூடப் போகாது. மென்பொருள் மேல் விழும் பழிகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

எழுத்துருவை மறந்துவிடுவது

விண்டோஸில் பத்துப் பக்கமாக இருந்த ஆவணம் லினக்ஸில் பதினோரு பக்கமாகிறது, அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழிகிறது என்றால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். ஆவணத்தில் கலிப்ரி என்று குறித்திருந்து, அந்தக் கணினியில் கலிப்ரி இல்லையென்றால் வேறொரு எழுத்துரு அந்த இடத்தைப் பிடிக்கும். அதன் எழுத்துகளின் அகலம் வேறு என்பதால் வரிகள் வேறு இடத்தில் மடியும். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் காலடியா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் இரண்டுக்கும் பதில் லிபரேஷன் குடும்பம் என்று, அதே அகலத்தில் வடித்த கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. லிப்ரெஓபிஸின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவினால் இவை கூடவே வரும். டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் கார்லிட்டோவும் காலடியாவும் தனிப் பொதிகள். அவை இல்லையென்றால் நீங்கள்தான் நிறுவ வேண்டும்.

தமிழ் ஆவணத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். விண்டோஸில் நிர்மலா அல்லது லதா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் பெரும்பாலும் நோட்டோ அல்லது லோஹித் என ஒவ்வொன்றும் தன் வீட்டு எழுத்துருவையே காட்டும். மூன்றிலும் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி அதிலேயே எழுதுவதுதான் எளிய வழி. அது திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, பகிர்வதற்குத் தடையில்லை.

அதோடு, லிப்ரெஓபிஸ் தமிழை "சிக்கலான உரை அமைப்பு" என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஒரு பாணியைத் திருத்தி மேற்கத்திய எழுத்துருவை மாற்றினால் தமிழ் எழுத்து அசையாது. "மாற்றினேன், மாறவில்லை" என்று பலர் குழம்புவது இதனால்தான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே மொழி அமைப்புகளுக்குப் போய் அந்த வகையை இயக்குங்கள். பிறகு பாணியின் எழுத்துருப் பலகையில் இரண்டாவதாக ஒரு பகுதி தெரியும். தமிழுக்கான தேர்வை அங்கே செய்ய வேண்டும்.

ஆவணத்தை வேறொருவருக்கு அனுப்புகிறீர்கள், அவரிடம் எழுத்துரு இருக்குமா தெரியாது என்றால், ஃபைல் மெனுவின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட் பலகையைத் திறந்து, எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் அளவு கூடும், பரவாயில்லை. இங்க்ஸ்கேப்பில் வரைந்த படமானால் உரையைத் தேர்ந்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்தால் எழுத்துகள் வடிவங்களாகிவிடும். அதன்பின் உரையைத் திருத்த முடியாது. ஆகவே மூலப் பிரதியைத் தனியே வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

அந்நிய வடிவத்தில் தினமும் சேமிப்பது

வேர்டின் டாக்எக்ஸ் வடிவத்தில் திறந்து, அதிலேயே சேமித்து, மறுபடி திறந்து என்று நாள்கணக்கில் வேலை செய்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு திசையில் மொழிமாற்றம் நடக்கிறது. எண்ணிட்ட பட்டியல், மிதக்கும் படம், மேக்ரோ ஆகியவை முதலில் அடிபடும். வேலை நடக்கும் வரை லிப்ரெஓபிஸின் சொந்த வடிவங்களான ஓடிடி (உரை) அல்லது ஓடிஎஸ் (விரிதாள்) வடிவத்திலேயே வைத்திருந்து, கேட்பவருக்குக் கொடுக்கும்போது மட்டும் டாக்எக்ஸாக ஒரு பிரதி எடுப்பது நல்லது. படிக்க மட்டும் அனுப்புவதானால் பிடிஎஃப் போதும். பிடிஎஃப் ஏற்றுமதிப் பலகையில் ஹைப்ரிட் என்ற கட்டத்தைக் குறித்தால் மூல ஆவணமும் அதே கோப்புக்குள் பொதிந்து போகும். லிப்ரெஓபிஸ் உள்ளவர் அதைத் திறந்து திருத்தலாம், மற்றவர் படிக்கலாம்.

பழக்கத்தினால் இன்னும் ஓபன்ஓபிஸை நிறுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லிப்ரெஓபிஸ் அதிலிருந்து 2010-இல் பிரிந்தது. ஓபன்ஓபிஸ் 2014-இல் வந்த 4.1 வரிசையிலேயே சிறு திருத்தங்களோடு நிற்கிறது. டாக்எக்ஸைத் திறக்கும், அந்த வடிவத்தில் சேமிக்காது. புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பில் தமிழ் சிதைந்து வந்தால் கோப்பு கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். லிப்ரெஓபிஸ் கால்க் திறக்கும்போது கேட்கும் பலகையில் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் சேமித்துவிட்டால்தான் உண்மையான இழப்பு.

படங்களும் ஒலிகளும் எங்கே இருக்கின்றன?

பிளெண்டர், காணொளி தொகுக்கும் கேடிஇன்லைவ் போன்றவை படத்தையும் காணொளியையும் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை, அவை இருக்கும் பாதையை மட்டும் எழுதி வைக்கும். சி டிரைவில் தொடங்கும் பாதைக்கு லினக்ஸில் பொருளே இல்லை. பிளெண்டரில் ஃபைல் மெனுவின் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குள் பாதைகளைச் சார்பு நிலைக்கு (திட்டக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் பாதைக்கு) மாற்றலாம், அல்லது காணொளி தவிர மற்றவற்றைப் பொதித்துவிடலாம். விண்டோஸில் திட்டக் கோப்பு சி டிரைவிலும் படங்கள் டி டிரைவிலும் இருந்தால் சார்புப் பாதை வேலை செய்யாது. முதலில் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவர வேண்டும். கேடிஇன்லைவில் ஆர்க்கைவ் ப்ராஜெக்ட் இந்த வேலையைச் செய்துதருகிறது.

ஆடாசிட்டி 2021-இல் வந்த 3.0 முதல் முழுத் திட்டத்தையும் ஏயூபி3 என்ற ஒரே கோப்பில் வைக்கிறது. உள்ளே இருப்பது ஒரு தரவுத்தளம். திட்டம் திறந்திருக்கும்போது பக்கத்தில் துணைக் கோப்புகள் உருவாகும், சமீபத்திய மாற்றங்கள் அவற்றில் இருக்கலாம். அந்த நேரத்தில் ஏயூபி3-ஐ மட்டும் நகலெடுத்தால் குறையான பிரதிதான் கிடைக்கும். மேகச் சேமிப்புடன் ஒத்திசையும் கோப்புறையில் வைத்து நேரடியாகத் தொகுப்பதும் ஆபத்து. கணினியின் சொந்த வட்டில் வேலை செய்து, ஆடாசிட்டியை மூடிய பிறகு நகலெடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்

லினக்ஸ் கிட்டத்தட்ட எந்தக் குறியையும் பெயரில் அனுமதிக்கும். விண்டோஸ் அப்படியல்ல: முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், செங்குத்துக்கோடு, கோண அடைப்புகள், இரு பக்கச் சாய்கோடுகள் ஆகாது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ நிற்கக்கூடாது. லினக்ஸில் நேரத்தை முக்காற்புள்ளியுடன் பெயரில் சேர்க்கும் பழக்கம் விண்டோஸுக்கு நகலெடுக்கும்போது பிழையாக வந்து நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். லினக்ஸில் இரண்டு கோப்புகளாக இருப்பவை விண்டோஸிலும், இயல்பான அமைப்பிலுள்ள மேக்கிலும் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படலாம்.

தமிழ்ப் பெயர் வைக்கிறவர்கள் அவசியம் அறிய வேண்டியது இன்னொன்று. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒற்றை ஒகரக்குறி, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பைத் தேடினால் கிடைக்காது. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்கூட உட்கார்ந்திருக்கும். லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பார்ப்பதே அதன் இயல்பு, அந்த விடையைப் படித்துவிட்டு உண்மையாக ஓட்டுங்கள்.

பென்டிரைவும் வட்டும்

எஃப்ஏடி32, என்டிஎஃப்எஸ், எக்ஸ்எஃப்ஏடி என்பவை வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைகள். எஃப்ஏடி32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், இயல்பாக எழுதாது. மூன்றுக்கும் பொதுவாக எக்ஸ்எஃப்ஏடி பொருந்தும், லினக்ஸின் கருவான கெர்னல் 2019-இல் வந்த 5.4 முதல் அதை நேரடியாக ஆதரிக்கிறது. ஆனால் திடீரென்று பிடுங்கினால் தாங்கும் பதிவேடு அதில் இல்லை, ஆகவே முறையாக வெளியேற்றிவிட்டே எடுங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் வட்டு படிக்க மட்டும் திறந்தால், விரைவுத் தொடக்க வசதிதான் காரணமாக இருக்கும். அது விண்டோஸை முழுதாக மூடாமல் உறங்க வைக்கிறது. மின்சார அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள்.

பதிப்பும் பொதியும்

டெபியன் 12-இல் கிம்ப் 2.10 இருக்கிறது. விண்டோஸில் 2025-இல் வந்த 3.0-ஐ நிறுவி, அதன் புதிய வடிப்பான்களுடன் சேமித்த எக்ஸ்சிஎஃப் (கிம்பின் சொந்த வடிவம்) கோப்பை அங்கே கொண்டுபோனால் சரியாகத் திறக்காது. பழைய பைத்தான் 2 செருகுநிரல்கள் 3.0-இல் ஓடவும் ஓடாது. குழுவாக வேலை செய்தால் எல்லாரும் எந்தப் பதிப்பு என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பயர்பாக்ஸில் புதிய பதிப்பு பயன்படுத்திய சுயவிவரத்தை (புத்தகக்குறிகளும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறை) பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லும். புத்தகக்குறிகள் காணாமல் போனதாகத் தோன்றும், உண்மையில் பழைய சுயவிவரம் பத்திரமாக இருக்கும்.

லினக்ஸில் அதே மென்பொருளை வழங்கலின் களஞ்சியத்திலிருந்து ஒரு முறையும், பிளாட்பேக்காக (பல வழங்கல்களிலும் ஓடும் தனிப் பொதியாக) ஒரு முறையும் நிறுவுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் தத்தம் அமைப்புகளைத் தனித்தனி இடத்தில் வைக்கும், ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றில் தெரியாது. பிளாட்பேக் பொதி வேலிக்குள் ஓடுவதால் வெளி வட்டிலுள்ள கோப்புகள் தெரியாமலும் போகலாம். பிளாட்சீல் என்ற கருவியில் அந்தக் கோப்புறைக்கு அனுமதி கொடுத்தால் தீரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

பதிவிறக்கத்தைத் தேடுபொறியின் விளம்பர இணைப்பிலிருந்து செய்யாதீர்கள், பிரபலமான கட்டற்ற மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் அங்கே வருகின்றன. திட்டத்தின் சொந்தத் தளத்துக்கே போய், அங்கே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 குறியீட்டுடன் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) இறங்கிய கோப்பை ஒப்பிடுங்கள். அதைக் கணக்கிடும் கட்டளை மூன்று இயங்குதளங்களிலும் ஏற்கெனவே உள்ளது. மேக்கில் ஆப்பிள் சில்லுக்கும் இன்டெல் சில்லுக்கும் தனித்தனிக் கோப்பு இருந்தால் உங்களுடையதையே எடுங்கள். இன்டெல் கோப்பு ஆப்பிள் சில்லில் ரொசெட்டா என்ற மொழிமாற்றி வழியாக ஓடிவிடும், அதனால்தான் தவறாக நிறுவியதே தெரியாமல் மென்பொருள் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.