எரிச்சல் எந்த அசையில் ஏறுகிறது? பிராட்டில் பார்க்கும் வழி

உணர்ச்சி எந்த அசையில் ஏறி உட்கார்கிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும், அதை அளந்து காட்டத்தான் பிராட் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய, பேச்சொலியை அலசும் இலவச மென்பொருள் (Praat) இது. தோற்றம் அரதப்பழசு. பளபளப்பான இணையக் கருவிகள் "இது கோபம்" என்று முத்திரை குத்துவதோடு சரி, எந்த அசையில் என்று சொல்லாது, அதனால் எனக்குப் பிராட்தான்.

படி 1: வாக்கியம். "எவ்வளவு நேரம்" எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எல்லா ஒலியும் குரல்நாண் அதிர வருவது. "எப்ப", "எத்தனை" என்று எடுத்தால் ப்ப, த்த வரும் இடத்தில் அதிர்வு நின்று, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட பிராட் வரையும் நீலச் சுருதிக்கோடு அறுந்துபோகும்.

படி 2: பதிவு. சும்மா விசாரிப்பதுபோல், எரிச்சலோடு, இரக்கத்தோடு என்று மூன்று விதமாகச் சொல்லி வேவ் கோப்பாகச் சேமியுங்கள். மைக்கிலிருந்து தூரம் மாறக்கூடாது. ஃபோன்கள் சன்னமான குரலைத் தானே தூக்கிக் கொடுக்கும், அதனால் சத்தத்தின் அளவை ரொம்ப நம்ப வேண்டாம்.

படி 3: பிட்ச் செட்டிங்ஸ், அதாவது சுருதியை எந்த எல்லைக்குள் பிராட் தேட வேண்டும் என்பது. எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆண்குரலுக்கு 75–300 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு), பெண்குரலுக்கு 100–500 என்று தொடங்குவது வழக்கம், ஆனால் அது சாதாரணப் பேச்சுக்கு. கத்தும்போது ஆண்குரலும் 300-ஐத் தாண்டும், அப்போது பிராட் 340-ஐ 170 என்று பாதியாகக் காட்டி, கோபத்தில் சுருதி இறங்கியது போல ஒரு பொய்ப்படம் வரைந்துவிடும். நீலக்கோடு நடுவில் திடீரென்று பாதிக்குக் குதித்தால் மேல் எல்லையை உயர்த்துங்கள். மூன்று பதிவுக்கும் ஒரே எல்லை இருக்கட்டும்.

படி 4: "வ்வ" பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அதன் நீளம் எத்தனை நொடி என்று தெரியும், எஃப்5 அழுத்தினால் சராசரிச் சுருதி வரும். "நே"க்கும் அதே.

எரிச்சலில் பெரும்பாலும் "எவ்வ்வளவு" என்று மெய் நீண்டு, சுருதி அங்கேயே உச்சிக்குப் போய்ச் சரியும். இரக்கத்தில் "நேஏரம்" என்று உயிர் நீளும், கோடு தாழ்ந்து படுத்திருக்கும். ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பெயர், இரண்டாவதில் விழுந்தால் வினை. தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றாது, ஆகவே உணர்ச்சிக்காக அதை வேறு அசைக்கு நகர்த்தினாலும் சொல் கெடாது.

இருவர் குரலை ஒப்பிட்டால் ஹெர்ட்ஸை விட்டுவிட்டு செமிடோனுக்கு (இசையில் அரைச்சுர இடைவெளி) மாறுங்கள். 100-லிருந்து 150-க்கு ஏறுவதும் 200-லிருந்து 300-க்கு ஏறுவதும் காதுக்கு ஒரே ஏற்றம், ஏறக்குறைய 7 செமிடோன்.

பின்சேர்க்கை: சோகமான வாக்கியத்தின் கடைசியில் கோடு காணாமல் போகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே குரல் கரகரத்து அதிர்வு ஒழுங்கு கெடுகிறது. அமைப்பை நோண்டாமல் "கரகரப்பு" என்று குறித்துவையுங்கள், அதுவும் தகவல்தான். அப்புறம், மகிழ்ச்சியும் கோபமும் இரண்டுமே சுருதியை ஏற்றும், கோட்டை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். குரலின் இறுக்கத்தைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.