துணிக் கிளிப்பில் ஒரு புரதம்

தக்கலையில் என் வீட்டு வராந்தாவுக்கு மாலையில் படிக்க வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்றுதான். வளரச் சொல்லும் சேதி செல்லுக்குள் கடத்தப்படும் பாதையை வரையும்போது, கிரப்2 புரதத்திலிருந்து சாஸ் புரதத்துக்கு அம்பு போட்டு, ‘தூண்டுகிறது’ என்று எழுதிவிடுவார்கள். மக்களே, கிரப்2 நொதியே அல்ல. 217 அமினோ அமிலங்கள் கொண்ட வெறும் கொக்கி அது. எனவே வரையும் முன் கையால் செய்ய வைப்பேன்.

மூன்று துணிக் கிளிப்புகளை ரப்பர் வளையத்தால் வரிசையாகக் கட்டுங்கள். ரப்பருக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? இவை கிரப்2-வின் மூன்று பிடிப்புப் பகுதிகள்: நடுக் கிளிப் எஸ்ஹெச்2, ஓரத்தவை இரண்டும் எஸ்ஹெச்3. ஓரக் கிளிப்புகளில் நீளமான தாள் ஒன்றைக் கவ்வ விடுங்கள், அதுதான் சாஸ். அதன் வாலில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த பகுதிகளையே இவை பிடிக்கின்றன.

அடுத்து, இரண்டு சிரட்டை அகப்பைகள். சிரட்டை பெஞ்சுக்கு மேலே, காம்பு கீழே தொங்கட்டும். பெஞ்சுப் பலகைதான் செல் சவ்வு, அகப்பை வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம். 53 அமினோ அமிலங்கள் கொண்ட ஈஜிஎஃப் வளர்ச்சிக் காரணி சிரட்டைகளில் வந்து அமர்ந்ததும் இரண்டையும் நெருக்கி வையுங்கள். இனி இந்தக் காம்பின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் அந்த ஏற்பி பாஸ்பேட்டை ஒட்டும். அந்தக் காம்பில் இது. பாஸ்பேட்டுக்கு மஞ்சாடிக்குரு என்ற சிவப்பு விதையை ஒட்டுங்கள். குரு இருக்கும் இடத்தில் மட்டுமே நடுக் கிளிப் கவ்வ வேண்டும். அதிலும் அங்கிருந்து இரண்டாவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருந்தால்தான் பிடி நன்றாக விழும். சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

பலகையின் அடியில் ராஸ் என்ற புரதம். கடியப்பட்டணத்துப் பாறையில் சிப்பி ஒட்டுவதுபோல், கொழுப்பு வாலால் சவ்வில் ஒட்டிக் கிடக்கிறது. கிளிப் காம்பைக் கவ்வியதும், எங்கோ திரிந்த தாள் சிப்பிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதல்லவா? கிரப்2 செய்யும் வேலை இதுதான்: ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவது. சிப்பியைத் திறப்பது சாஸ். இரண்டு பாஸ்பேட் உள்ள குவனோசின் வெளியே போக, மூன்று உள்ளது உள்ளே வரும்; ராஸ் விழித்துக்கொள்ளும். சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஜிடிபி’ ஆகிவிடுவதால் நான் எண்ணிக்கையைத்தான் சொல்வேன்.

பிறகு சேதி ராஃப், மெக், எர்க் என்ற நொதிகள் வழியே உட்கருவுக்குப் போகும். அங்கெல்லாம் தாராளமாக அம்பு போடுங்கள்.

சோதிக்க, குருவைப் பிய்த்தெடுங்கள். கிளிப் கழன்று விழாவிட்டால் உங்கள் மாதிரி தவறு. தாளுக்குப் பதில் காப்1 என்ற புரதத்துக்கான துண்டை ஓரக் கிளிப்பில் மாட்டினால், அதே கொக்கி பிஐ3கே என்ற இன்னொரு சேதிப் பாதைக்கும் இணைப்புக் கொடுக்கும். அது நாளைக்கு. போகும்போது கிளிப்புகளைக் கொடியில் மாட்டிவிட்டுப் போங்கள்; ஆடிக் காற்றில் போன வாரம் என் இரண்டு சேலைகள் அடுத்த வீட்டுத் தென்னையில் கிடந்தன.